கருவாயன் இடுப்பில் குடோன் சாவி

முட்டாள்கள் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் நாலு முட்டாள்கள் கூட்டுச் சேர்ந்து, போர்டு எழுதி, ரிப்பன் வெட்டித் தொழில் நடத்துகிற ஊர் எங்கள் குறிச்சிப்பாளையம் ஒன்றுதான்.

போர்டில் 'அழகுநாச்சி பந்தல் மற்றும் நாற்காலி வாடகை நிலையம்' என்றிருக்கும். நாச்சிமுத்து, சென்னியப்பன், மாரப்பன், அப்புக்குட்டி என்று நாலு பங்காளிகள். நாச்சிமுத்து மூத்தவர், ஆகையால் யோசிக்கிற வேலை அவருக்கு. அவர் யோசித்ததைக் கேட்டு ஆச்சரியப்படுகிற வேலை மற்ற மூன்று பேருக்கு.

ஒரு கல்யாண வீட்டில் வானம் இருட்டிக்கொண்டு வந்ததும் வீட்டுக்காரர், "நாற்காலி நனையாமப் பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இவர்கள் பந்தல் மேலிருந்த தார்ப்பாயை அவிழ்த்து இறக்கி நாற்காலிகளைப் போர்த்தி மூடினார்கள். முகூர்த்தத்துக்கு வந்த ஜனம் மொத்தமும் தொப்பலாக நனைந்தது. நாற்காலியில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த வீட்டுக்காரர் ஏன் நன்றி சொல்லவில்லை என்று இன்றைக்கும் நாலு பேரும் வருத்தப்படுகிறார்கள்.

எனக்கு மாட்டுத் தரகு. சந்தைப்பேட்டையில் என் கொட்டகைக்கும் அவர்கள் குடோனுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். ஊரில் என்னைக் கோபக்காரன் என்பார்கள். சொல்கிறவன் எவன் என்று காட்டுங்கள், வந்து கேட்கிறேன்.

இவ்வளவும் தெரிந்தும் என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அவர்களிடமே பந்தல் சொன்னேன். காரணம் வாடகை. நான் பேரத்தை முடித்துக் கை அடித்த பிறகும் நாச்சிமுத்து தானாகவே குறைத்துக்கொண்டு போனார். பாவம் என்று நான்தான் நிறுத்தினேன்.

என் மகள் கலாமணி. மாப்பிள்ளை எங்கள் பக்கத்துக் கால்நடை டாக்டர். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. கல்லுக்குண்டு மாதிரி நின்று கொண்டிருக்கிற மாட்டுக்கெல்லாம் காய்ச்சல் என்று அவனுக்குப் போன் போட்டதில் எனக்கே விளங்கிவிட்டது. ஒரே ஒரு சிக்கல், மாப்பிள்ளையின் தாய்மாமன் கொழந்தசாமி. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். இதற்கு முன்னால் பேசின ஓரிடத்தில் உட்கார ஸ்டூல் போட்டார்கள் என்று எழுந்து போனவர் அவர். சம்பந்தம் அத்தோடு முறிந்தது. முதுகு சாய நாற்காலி இல்லாத வீட்டில் பெண் எடுக்கமாட்டார்.

ஆகவே எனக்கு வேண்டியது நாற்காலி. என் மகள் வாழ்க்கை அந்த நாலு பேர் குடோனுக்குள் அடுக்கி வைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில்தான் அந்த ஆட்டம் வந்து சேர்ந்தது.

ஒரு காலேஜ் விழாவுக்கு நாற்காலி கொண்டுபோனவர்கள், திருப்பி எடுக்கப் போனபோது பிள்ளைகள் சிலர் எழுந்திருக்கவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒரு பையன் பொறுமையாக விளக்கியிருக்கிறான். ஒருத்தர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். வேஷம் என்றால் சாயமும் கிடையாது, கிரீடமும் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் அந்த ஆளாகவே பேசவேண்டும், அந்த ஆளாகவே முடிவு எடுக்கவேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டிப் பார்க்கவேண்டும். ஆட்டம் முடிகிறவரை வேஷத்தைக் கலைக்கக்கூடாது.

அங்கே ஒரு பெண் எடுத்திருந்த வேஷம் இவர்கள் நாலு பேர் மனதையும் கொள்ளையடித்துவிட்டது. ஒரே உடம்பு, உள்ளே இரண்டு பேர். ஒருத்தி ராணி, ஒருத்தி கொலைகாரி. ஆறு விழுந்தால் ஆள் மாறும். ஒருத்தி செய்வது இன்னொருத்திக்குத் தெரியாது.

"ஒருத்தர் வாடகையில ரெண்டு பேரு உக்காந்துக்கலாம் போல இருக்குதே" என்று நாச்சிமுத்து வியந்தாராம். அந்தப் பையன் பழைய பெட்டி ஒன்றை இவர்களுக்கே கொடுத்துவிட்டான். நல்ல பையனாகத்தான் இருக்கவேண்டும். என் கையில் கிடைத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாளே குடோன் வாசலில் மேசை போட்டாயிற்று. சந்தை இல்லாத நாள், எனக்கும் வேலை இல்லை. தகரத்தில் காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் கேட்டது.

நாச்சிமுத்து கதை நடத்துபவர். மாரப்பன் வாள் பிடித்த வீரன். அப்புக்குட்டி, அப்புக்குட்டியாகவே இருந்தான். சென்னியப்பனுக்குத்தான் இரட்டை வேஷம்: ஒருவர் அருள்மணி என்ற வைத்தியர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். இன்னொருவன் கருவாயன், திருடன். குகைக்குள் ஒரு பூதம், பூதத்திடம் ஒரு புதையல். இவர்கள் போய் எடுக்கவேண்டும். கதை அவ்வளவுதான்.

முதல் தகராறு நாற்காலியில் வந்தது.

"ரெண்டு பேருக்கு ஒரு நாற்காலி போட்டா மரியாதையா?" என்றார் நாச்சிமுத்து.

"நாம நாற்காலிக் கடைக்காரங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்" என்றான் மாரப்பன்.

பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்தாகவேண்டுமே, சென்னியப்பன் இதில் பாதி அதில் பாதியாக உட்கார்ந்தான். நாற்காலிகள் மெல்ல விலகின. நடுவில் 'தொம்' என்று விழுந்தான்.

"விழுந்தது வைத்தியரா திருடனா?" என்று அப்புக்குட்டி கவலையாகக் கேட்டான்.

"அடி யாருக்குப் பட்டிருக்குதுன்னு பாரு, தெரிஞ்சுரும்" என்றார் நாச்சிமுத்து.

அடுத்தது டீ. வைத்தியருக்குச் சர்க்கரை ஆகாது, திருடனுக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும். இரண்டு கிளாஸ் வாங்கினார்கள். இரண்டையும் சென்னியப்பன் குடித்தான். குடித்துவிட்டு, "ஏனுங்க, என் வயித்துல யாரோ சர்க்கரையக் கொட்டிட்டாங்க" என்று வைத்தியர் குரலில் முறையிட்டான். திருடனை எல்லோரும் கண்டித்தார்கள். அவன் அப்போது இல்லை என்பதால் கண்டித்தது அவனுக்குத் தெரியாமல் போயிற்று. "அவன் வர்றப்ப மறுபடி ஒருக்கா கண்டிச்சுக்கலாம்" என்று தள்ளிவைத்தார்கள்.

அதைவிடப் பெரிய பாடு கதையில். ஒருவன் பார்த்தது இன்னொருவனுக்குத் தெரியாது அல்லவா? அதனால் ஆறு விழுந்து ஆள் மாறுகிறபோதெல்லாம், "நாம ஒரு காட்டு வழியா வந்தோமுங்க. வழியில ஒரு பாறை இருந்துச்சுங்க..." என்று நாச்சிமுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். சென்னியப்பன் வாயைப் பிளந்து புதிதாகக் கேட்பான். குகை வாசலை நெருங்குகிற நேரத்துக்கு மறுபடி ஆறு விழும். மறுபடி காட்டு வழி, மறுபடி பாறை. அந்தப் பாறையை எனக்கே கண்ணை மூடினால் தெரிய ஆரம்பித்தது. பூதம் பல நாளாகக் குகைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஒரு தடவை கருவாயன் வந்து மாரப்பனின் வீரனைக் கத்தியால் குத்திவிட்டான். உடனே ஆறு விழுந்தது. அருள்மணி வைத்தியர் வந்து பதறிப்போய்க் கட்டுப் போட்டார்.

"மகராசன், நீங்க நல்லா இருக்கோணும்" என்று மாரப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எந்தப் பாவிங்க உங்களை இப்பிடிக் குத்துனது?"

மாரப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். சென்னியப்பன் காதருகே குனிந்து, "மெதுவாப் பேசுங்க. கருவாயன்தானுங்க. அவன் காதுல விழுந்தா மறுபடி குத்திப்போடுவான்" என்றான்.

இதையெல்லாம் பார்த்து அப்புக்குட்டிக்கு ஆசை வந்துவிட்டது.

"அண்ணா, எனக்குள்ளயும் ரெண்டு பேரு வேணுமுங்க."

"வெச்சுக்க. யாரு யாரு?"

"ஒருத்தன் அப்புக்குட்டி."

"இன்னொருத்தன்?"

வெகுநேரம் யோசித்தான். "அவனும் அப்புக்குட்டிதானுங்க."

"ரெண்டும் ஒரே ஆளாடா?"

"இல்லீங்க, வேற வேற அப்புக்குட்டி. ஒருத்தனுக்கு ஒருத்தன் பழக்கமில்லை."

உருட்டினான். ஆறு விழுந்தது. மற்ற மூன்று பேரும் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்கள்.

"அண்ணா, நான் மாறிட்டனா?"

"அதை அந்த இன்னொருத்தனைத்தான் கேக்கோணும்."

"கேட்டனுங்க. பேசமாட்டீங்கறான்."

ஆட்டம் முடியும்வரை வேஷத்தைக் கலைக்கக்கூடாது என்பது சட்டம். ஆட்டமோ குகை வாசலைத் தாண்டவில்லை. ஆகவே சென்னியப்பன் வீட்டுக்குப் போனாலும் வேஷத்தோடுதான் போனான். வைத்தியராகப் போன நாளில் சோறு போட்ட பெண்டாட்டியின் கையைப் பிடித்து நாடி பார்த்து, "உங்க வீட்டுக்காரர் உங்களைச் சரியாக் கவனிக்கறதில்லீங்களா?" என்று விசாரித்தான். திருடனாகப் போன நாளில் சொந்த வீட்டு ஓட்டைப் பிரித்து இறங்கி, தனக்கு மூடி வைத்திருந்த சோற்றைத் திருடித் தின்றுவிட்டு ஓடினான். அந்த அம்மாள் ஓட்டைச் சரி செய்யச் சொல்லி வைத்தியரிடம் அழுதாள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் கதையில் புதையல் பெட்டிக்கு ஒரு சாவி தேவைப்பட்டது. நினைத்துக்கொள்ளச் சொன்னால் போதாதா? நாச்சிமுத்துவுக்குப் போதவில்லை. குடோனைப் பூட்டி அந்தச் சாவியையே எடுத்து மேசை நடுவில் வைத்தார். ஆறு விழுந்தது. கருவாயன் வந்து சாவியை அடித்துக்கொண்டு போய் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். மறுபடி ஆறு விழுந்தது. வைத்தியர் வந்துவிட்டார். பொழுது சாய்ந்ததும் ஆட்டத்தை நிறுத்தி வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு இது தெரியாது. அன்றைக்கு நான் வெற்றிலை, பாக்கு, பூ என்று அலைந்துகொண்டிருந்தேன்.

நிச்சயத்தன்று காலையில் வாசலுக்கு வந்து பார்க்கிறேன். பந்தல் நிற்கிறது, வாழைமரம் நிற்கிறது, சமையல்காரர் நிற்கிறார். உட்கார ஒரு துரும்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டுவிட்டதாகப் போன் வந்தது. போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். வழியில் என்னவெல்லாம் திட்டினேன் என்பதை எழுத முடியாது.

குடோன் வாசலில் பூட்டுத் தொங்கியது. அதற்கு முன்னால் நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய்யா, நாற்காலி எங்கய்யா?"

"உள்ளதானுங்க, அண்ணா. எல்லாம் தொடைச்சு வெச்சாச்சு" என்றார் நாச்சிமுத்து.

"தொறங்கய்யா!"

"சாவி இல்லீங்களே."

"சாவி எங்க?"

நாலு பேரும் தலைகுனிந்தார்கள். பிறகு நாச்சிமுத்து, செத்த வீட்டில் பேசுகிற குரலில், "திருட்டுப் போயிருச்சுங்க" என்றார். முழுக் கதையும் சொன்னார், காட்டு வழி, பாறை உட்பட.

சென்னியப்பன் எனக்கு உட்கார இடம் விடுவதற்காக எழுந்தான். இடுப்பில் 'கலீர்' என்று சத்தம். சட்டைக்குக் கீழே சாவி தெரிகிறது!

"அதா இருக்குதேடா!"

"இருக்குதுங்க" என்றான் மாரப்பன். "ராத்திரியெல்லாம் சத்தம் கேட்டுதுன்னு அவங்க வீட்டுலயும் சொன்னாங்க."

"எடுங்கடா அப்ப!"

நாலு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"அது கருவாயன் இடுப்புங்க, அண்ணா" என்றார் நாச்சிமுத்து. "இங்க நிக்கறது வைத்தியரு. அடுத்தவன் இடுப்புல இவரு கை வெக்கலாமுங்களா?"

"டேய் சென்னியப்பா, உன் கை, உன் இடுப்பு! எடுடா!"

சென்னியப்பன் கையை மார்பில் வைத்துக்கொண்டான். "ஏனுங்க, என்னையப் பாத்தா அப்பிடித் தெரியுதுங்களா? நாலு பேருக்கு மருந்து குடுத்துப் பொழைக்கறவனுங்க நான். அடுத்தவங்க பொருளுக்கு ஆசைப்படற குடும்பத்துல பொறக்கலீங்க."

"கருவாயன் வந்து தானாக் குடுத்தாத்தான் முறை" என்றார் நாச்சிமுத்து. "அதுக்கு ஆறு விழோணும். காலையிலிருந்து உருட்டறோம், விழமாட்டீங்குது."

உருட்டினார்கள். ஒன்று. உருட்டினார்கள். மூன்று. மறுபடி ஒன்று. பூட்டை உடைக்கலாமென்று கல்லைத் தூக்கினேன். மாரப்பன் குறுக்கே பாய்ந்து, "அது பூதத்தோட பூட்டுங்க, உங்க உசுருக்கு நாங்க பதில் சொல்லோணும்" என்று என் காலைக் கட்டிக்கொண்டான்.

சரி, கோபம் வேலைக்காகாது, தொழிலைக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்போம். பிடித்த விரல்தான் பேச்சு. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முடிந்தால் கையடி, அடித்த பிறகு அப்பனே வந்தாலும் மாற்றக்கூடாது. தோள் துண்டை எடுத்து நாச்சிமுத்து கைமேல் போட்டேன்.

"ஆறு ரொம்ப ஜாஸ்திய்யா, நாச்சிமுத்து."

"ஜாஸ்தீங்களா?"

"பகடையிலயே பெரிய நம்பர் அது. சந்தையில யாரை வேணாக் கேட்டுப்பாரு."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. துண்டுக்குள் நான் இரண்டு விரலைப் பிடித்தேன். அவர் ஆறைக் காட்ட ஒரு கை போதாமல் இன்னொரு கையையும் உள்ளே விட்டார். நான் மூன்றுக்கு ஏறினேன். அவர் ஒரு கையை வெளியே எடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போகிற மாதிரி இரண்டடி வைத்தேன். கூப்பிட்டார். நாலுக்கு முடிந்தது. கை அடித்தோம். ஆறிலிருந்து நாலு! எத்தனையோ காளைகளைப் பேசி முடித்திருக்கிறேன், இப்படி ஒரு பேரம் படிந்ததில்லை.

"இப்ப உருட்டு" என்றேன்.

சென்னியப்பன் உருட்டினான். பகடை மேசை விளிம்புவரை ஓடி நின்றது.

ஆறு.

"விழுந்துருச்சு! ஆறு!" என்று நான் குதித்தேன்.

ஒருவரும் அசையவில்லை.

"ஆறுதானுங்க" என்றார் நாச்சிமுத்து வருத்தமாக. "ஆனா நாலுன்னுதானே பேசி முடிச்சோம்? ஆறு பழைய பேச்சுங்க."

"யோவ், நாலுக்கே வருவான்னா ஆறுக்கு வரமாட்டானா?"

"கை அடிச்சாச்சுங்களே. அடிச்ச பேச்சை மாத்தறது உங்க தொழிலுக்கு அழகுங்களா, அண்ணா?"

என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டான் மனிதன். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சென்னியப்பன்மேல் பாய்ந்தேன். அரைஞாண் கயிற்றோடு சாவியைப் பிடுங்கினேன்.

"ஐயோ, திருடன்!" என்று நாலு பேரும் கத்தினார்கள். பிறகு திடீரென்று அமைதியானார்கள். நாச்சிமுத்து யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"பொறுங்கப்பா. நம்ம அண்ணன் கை அடிச்ச பேச்சை மீறாதவரு."

"ஆமாங்க."

"ஆனா இப்ப ஒருத்தரு மீறிப் புடுங்கிட்டாரு."

"ஆமாங்க."

"அப்ப இது அண்ணன் இல்லை."

மூவரும் ஆச்சரியப்பட்டார்கள். அப்புக்குட்டி கண்கலங்கி, "அண்ணனுக்குள்ளயும் ஒருத்தன் இருந்திருக்கறான், பாருங்க. நாம இத்தனை நாளா அவனுக்கு ஒரு வாய் டீ குடுத்ததில்லை" என்றான். சென்னியப்பன் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். "ரெண்டு ஓடுதுங்க. எத்தனை நாளா இருக்குதுங்க இது?"

பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டைத் திறந்தேன். திருடனுக்குப் பயந்து நாலு பேரும் மறுபேச்சில்லாமல் நாற்காலிகளை டெம்போவில் ஏற்றினார்கள். நாங்கள் வாசலில் போட்டு முடிக்கவும் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கொழந்தசாமி இறங்கினார். நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். முதுகுப் பக்கத்தை ஆட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். சாய்ந்தார். என் பெண்டாட்டி பாப்பாத்தியும் நானும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தேன். கொழந்தசாமியும் அவர் பக்கத்துத் தட்டை எடுத்தார். அப்போது சபை நடுவில் நாச்சிமுத்து வந்து நின்று கும்பிட்டார்.

"பெரியவங்க மன்னிக்கோணும். உண்மைய மறைக்கறது தப்புங்க. எங்க அண்ணனுக்குள்ள ரெண்டு பேரு இருக்கறாங்க. ஒருத்தர் தங்கமானவர். இன்னொருத்தன் திருடன். காலையிலதான் கண்டுபிடிச்சோம். தட்டு மாத்தறது எந்த ஆளுன்னு பாத்து மாத்திக்கங்க."

கொழந்தசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கலாமணி உள்ளே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். டாக்டர் மாப்பிள்ளை மாமன் முகத்தைப் பார்க்கிறான். நாச்சிமுத்துவைக் கொன்று வாழைமரத்தடியில் புதைக்கலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது நிஜம்.

"ஏனுங்க, இவரு சொல்றது நிஜமா?" என்றார் கொழந்தசாமி.

"மாமா, அது வந்து..."

"எனக்கு ஒண்ணு தெரியோணும். இன்னைக்கு நீங்க வாக்குக் குடுக்கறீங்க. நாளைக்கு அந்த இன்னொருத்தன் வந்து, 'எனக்குத் தெரியாது, நான் குடுக்கலை'ன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

நானும் நாலு பேரோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேனே, ஐந்தாவது ஆள் வேனில் வந்து இறங்கியிருக்கிறார்!

"இல்லை, மாமா, அதெல்லாம் சும்மா" என்று சொன்னால் எழுந்தவர் போய்விடுவார். மூடி மறைக்கிறான் என்பார். மகள் முகத்தைப் பார்த்தேன். தரகனுக்கு அழகு, வாங்க வந்தவன் எதைக் கேட்கிறானோ அதைக் காட்டுவது.

"ஆமாங்க, மாமா" என்றேன், சபையறிய. "எனக்குள்ள ஒருத்தன் இருக்கறான்."

"அப்ப அவனும் வாக்குக் குடுக்கோணும். கூப்பிடுங்க."

"நாலு விழுந்தா வருவாருங்க" என்று நாச்சிமுத்து பகடையை நீட்டினார். "ஆறாத்தான் இருந்துச்சு. அண்ணன் பேசிக் குறைச்சுட்டாரு."

வெற்றிலைத் தட்டில் பூவை ஒதுக்கிவிட்டுப் பகடையை உருட்டினேன். ஐந்து. சபை 'ச்சு' கொட்டியது. இரண்டு. சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலு விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். மறுபடி உருட்டினேன். பாக்கில் இடித்துப் புரண்டு நின்றது.

நாலு!

சபை கைதட்டியது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என்ன செய்வது? மீசையை முறுக்கினேன். தோளை ஒரு குலுக்கு குலுக்கினேன்.

"வாங்க" என்று கும்பிட்டார் கொழந்தசாமி. "பேரு என்னுங்க?"

"முத்துக்காளை" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"பேரெல்லாம் வெச்சிருக்கறாரு, பாத்தியா" என்று பாப்பாத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"முத்துக்காளை, உங்க... உங்க உடம்புல கூட இருக்கறவரு பொண்ணை எங்க பையனுக்குக் குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன். மனசாரக் குடுக்கறேன். புள்ளைங்க ரெண்டும் சந்தோசமா இருக்கட்டும்."

கொழந்தசாமிக்குத் திருப்தி. என்னைக் கட்டிக்கொண்டார். தன் தங்கையிடம் திரும்பி, "இந்தாளு பரவாயில்லை, புள்ள. அந்த மனுசனாட்ட வெடுக்குவெடுக்குன்னு இல்லாமத் தன்மையாப் பேசறான்" என்றார். தட்டு மாற்றினோம். கலாமணி உள்ளே போய்ச் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. பந்தியில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கி, வேனில் ஏறினார்கள். ஏறும்போது கொழந்தசாமி என்னிடம், "அவரு வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றுவிட்டுப் போனார்.

மகள் கல்யாணம் முடிவான சந்தோஷத்தில் எனக்கு அந்த நாலு பேர் மேல் இருந்த கோபம்கூட இறங்கிவிட்டது. சாயங்காலம் நானே டெம்போவோடு போய் நாற்காலிகளை இறக்கக் கை கொடுத்தேன். கடைசி அடுக்கைத் தூக்கிக்கொண்டு குடோன் உள்கோடிக்குப் போனேன். பின்னால் கதவு சாத்துகிற சத்தம். பூட்டு விழுகிற சத்தம்.

"டேய்! உள்ள ஆள் இருக்குதுடா!"

"தெரியுமுங்க, முத்துக்காளை" என்றார் நாச்சிமுத்து வெளியிலிருந்து. "தட்டு மாத்துனதுக்கப்புறம் மறுபடி நாலு விழவே இல்லை. கவனிச்சீங்களா? அண்ணன் இன்னும் திரும்பி வரலை. பொண்ணு நகை இருக்கற வீட்டுக்கு உங்களை எப்பிடிங்க அனுப்பறது?"

"பாப்பாத்தியக் கூப்பிடுங்கடா!"

"அக்காகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க பூட்டுனோம். 'ரெண்டு நாளு இருக்கட்டும், நானும் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கறேன்'னாங்க."

தகரத்தை உதைத்தேன். அது என் கொட்டகைத் தகரம். அந்தப் பக்கம் மாடுகள் மிரண்டன. தொண்டை கட்டுகிறவரை கத்தினேன். நாலு பேரும் அசையவில்லை. கடைசியில் அப்புக்குட்டி மனமிரங்கிக் கதவுக்கடியில் பகடையைத் தள்ளிவிட்டான்.

"நியாயம்னு ஒண்ணு இருக்குதுங்களே. உருட்டிப் பாருங்க. நாலு விழுந்தா அண்ணன் வந்துருவாரு."

சிமெண்ட் தரையில் மண்டியிட்டு உருட்டினேன். கதவிடுக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் உருட்டிலேயே நாலு விழுந்தது.

"நாலு! நாலு விழுந்துருச்சு! நான்தான்டா, உங்க அண்ணன்! தொறங்கடா!"

வெளியே குசுகுசுவென்று வெகுநேரம் ஆலோசனை நடந்தது. பிறகு நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"எங்க அண்ணன் நல்லவருங்க. நல்லவருக்கு, ஊரான் பூட்டி வெச்ச குடோனுக்குள்ள என்னுங்க வேலை?"